ஷூவுக்கு ஒரு சோதனை, கிணற்றுக்கு ஒரு சோதனையா?

(ஆம்பூர் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து நம்ம கையில் கொடுக்கிற பேப்பரில் என்ன இருக்கு? பி.எச்., டி.டி.எஸ்., குளோரைடு. மிஞ்சிப் போனால் குரோமியம். டி.டி.எஸ். என்பது கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்கிற கணக்கு. தென்னை ஏன் காயுதுன்னு அது சொல்லும். மாடு குடிக்கிற தண்ணியில் என்ன விஷம்னு சொல்லாது.

ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவுக்கு மட்டும் வேற நியாயம். தோலில் பூஞ்சை பிடிக்காமல் போடுகிற பென்டாகுளோரோபீனாலை 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. நம்ம முதலாளிகளும் வேறு மருந்துக்கு மாறினார்கள். விஷம் கூடின குரோமியம்-6, ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் இருந்தாலே விற்கக்கூடாது என்று 2015 மே முதல் ஐரோப்பாவில் சட்டம். அங்கே ஷூ போடுறவன் காலுக்கு இருக்கிற மரியாதை, பாலாற்றங்கரையில் தண்ணி குடிக்கிறவன் வயித்துக்கு இல்லை!

இப்போ பி.எஃப்.ஏ.எஸ். என்று ஒரு வகை ரசாயனம் பேசப்படுது. தோலில் தண்ணி ஒட்டாமலிருக்க உலகமெங்கும் பயன்படுத்தினது. லேசில் மக்காது. இதில் இரண்டு வகைக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம்தான் என்று 2024-ல் அமெரிக்கா வரம்பு போட்டது. அதாவது 25 கோடி லிட்டர் தண்ணியில் ஒரு கிராம். இதை டி.டி.எஸ். மீட்டர் காட்டுமா? எல்.சி.எம்.எஸ். என்கிற மெஷின் வேணும். களத்தில் நெல், பதர், கல் பிரிக்கிற மாதிரி கலந்து கிடக்கிறதைப் பிரிச்சு, ஒவ்வொன்றின் மூலக்கூறையும் எடை பார்த்து இன்னதுன்னு சொல்லும்.

ஆனா ஒன்று. பெரும்பாலும் எதைத் தேடணும்னு பேர் கொடுத்தால்தான் அது தேடும். அந்தப் பேர் எங்கே இருக்கு? தோல் ஷாப்பு மருந்து வாங்குகிற பில்லில் இருக்கு. அதனாலே மெஷினுக்கு முன்னாடி நாம கேட்பது அந்தப் பட்டியல். எந்தெந்த மருந்து வாங்கினே, எவ்வளவு வாங்கினே, காட்டு. அதை வெச்சு நம்ம கிணத்தைச் சோதி. செலவு யாருதுன்னு கேட்பாங்க. மாசு செய்தவரே ஈடு கட்டணும்னு 1996 ஆகஸ்ட் 28-லேயே உச்ச நீதிமன்றம் நம்ம வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கு. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் சொல்லியிருக்கு.

மாதிரி எடுக்கும்போது கிணத்துக்காரர் பக்கத்தில் நிற்கணும். பி.எஃப்.ஏ.எஸ். சோதனைக்கு டெஃப்லான் வெச்ச மூடி ஆகாது, அதிலிருந்தே கலந்துடும். ரிப்போர்ட்டின் நகல் நமக்கும் வேணும்.

மனு ஊராட்சி வாரியாக எழுதறோம். கிணத்தின் சர்வே நம்பர், ஆழம், எத்தனை வருஷமா பயிர் வைக்கலை என்கிற விவரத்தைக் கையோடு எழுதி எடுத்து வாங்க.