பேசிக்கொண்டிருந்ததுதான் குற்றம்

(கோவையில் பொறியியல் மாணவ மாணவியர் கூடிய ஒரு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஆணவக் கொலைகளைப் பற்றிக் கூட்டம் போட்டால் நாம் காதலைப் பற்றித்தான் பேசுகிறோம். சாதி மறுப்புத் திருமணம், அதற்கு எதிரான வன்முறை, அதைத் தடுக்க ஒரு தனிச்சட்டம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோருக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வயதுக்குள் இருக்கும். பலருக்குக் காதல் இன்னும் வந்திருக்காது. கல்யாணத்தைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டீர்கள். நட்பு மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் இன்று நட்பைப் பற்றிப் பேசுகிறேன். கொங்குப் பகுதியில் ஒரு பொறியியல் மாணவி யாரோடு பேசுகிறாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று இரண்டு வழக்குகளை வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழக்கு கோகுல்ராஜ். ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், வயது 21, பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று, தன்னோடு கல்லூரியில் படித்த ஒரு தோழியைப் பார்க்கத் திருச்செங்கோடு போனார். அவர் கவுண்டர் சமூகத்துப் பெண். இருவரும் அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயிருந்து கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்ஆப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

அந்த மலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் சாமி குடியிருக்கும் மலை அது. அதே மலையின் திருவிழாவைப் பின்னணியாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்து, அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது 2015 ஜனவரியில். ஐந்து மாதம் கழித்து அதே மலையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசியது கொலையில் முடிந்தது. அங்கே தாலி கட்டவில்லை, ஊரைவிட்டு ஓடவில்லை. பேசினார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது வழக்கு உடுமலைப்பேட்டை சங்கர். அவர் குமரலிங்கத்துத் தலித் இளைஞர். கௌசல்யா பழனியில் தேவர் சமூகத்துக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். அறிமுகம் நட்பாகி, நட்பு காதலாகி, 2015 ஜூலையில் திருமணம் செய்துகொண்டார்கள். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை மதியம், உடுமலைப் பேருந்து நிலையம் அருகே, ஊரே பார்க்க இருவரும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். தலையில் பலத்த காயங்களோடு கௌசல்யா பிழைத்தார். அப்போது அவருக்கு வயது 19. இன்று உங்களில் பலருக்கு இருக்கும் வயது.

ஒரு வழக்கில் கவுண்டர், இன்னொன்றில் தேவர். ஏதோ ஒரு சாதியின் தனிக்குணம் என்று சொல்லி மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. அந்த இடம் பொறியியல் கல்லூரி. 1984 வாக்கில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் சாலைகளில் தோட்டங்காடுகளுக்கு நடுவே கல்லூரிகள் எழுந்தன. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை வந்தது. விளைவு என்ன? நாற்பது ஏக்கர் தோட்டக்காரரின் மகளும், விசைத்தறி ஓட்டுகிறவரின் மகளும், காலனியிலிருந்து வரும் தூய்மைப் பணியாளரின் மகனும் ஒரே லேப்பில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டீக்கடையிலும் கோயிலிலும் மயானத்திலும் சாதி பிரித்து வைத்திருந்தவர்களின் பிள்ளைகளை ஒரு மதிப்பெண் பட்டியல் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தது. இதைச் செய்தது யாருடைய பெருந்தன்மையும் இல்லை, இடஒதுக்கீடு.

சாதி இதைக் கவனிக்காமல் இருக்குமா? பெஞ்சைப் பிரிக்க முடியவில்லை. அதனால் பேச்சைப் பிரிக்கிறார்கள். காலேஜ் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். வராந்தாவில் ஆணும் பெண்ணும் நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு போன் போடும் கல்லூரிகளை உங்களுக்குத் தெரியும். அதற்கு 'ஒழுக்கம்' என்று பெயர். "உங்க புள்ள ஒரு பையனோட நின்னு பேசீட்டிருந்துச்சுங்க" என்று போனில் சொன்னால், வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "பையன் யாருங்க?" அந்த 'யாரு' என்பது பெயரைக் கேட்பதில்லை. எந்த ஊர், ஊருக்குள்ளேயா காலனியா, நம்ம ஆளுங்களா, அப்படியென்றால் எந்தக் கூட்டம், எது குலதெய்வம், இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஒழுக்கம் என்று கல்லூரி போட்ட விதியைச் சாதி தன் உளவு வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆக, கொலை என்பது கடைசிப் படி. முதல் படி ஒரு பெண்ணின் போனை வாங்கிப் பார்ப்பது. அடுத்தது அவள் தோழிகளை மாற்றச் சொல்வது. அதற்கடுத்தது படிப்பை நிறுத்திவிடுவதாக மிரட்டுவது. பெரும்பாலான வீடுகளில் கொலைவரை போக வேண்டிய தேவையே வருவதில்லை. முதல் மூன்று படிகளிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. அவை எந்தக் குற்றப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இப்போது இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கோகுல்ராஜ் வழக்கில் அந்தத் தோழிதான் முக்கியச் சாட்சி. விசாரணை நீதிமன்றத்தில் அவர் பிறழ் சாட்சி ஆனார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றமே அவரை நேரில் அழைத்துக் கோயில் கண்காணிப்புக் கேமரா பதிவைக் காட்டிக் கேட்டது. பதிவில் இருப்பது தான்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. சமூக ஊடகங்களில் நம் தோழர்களே அவரைத் 'துரோகி' என்று எழுதினார்கள். நீதிக்கு அது பெரிய இழப்பு என்பதில் ஐயமில்லை. கோகுல்ராஜின் தாயாருக்கு அது எப்படிப்பட்ட வலி என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஒரு பெண் தன் முகத்தையே தன் முகமில்லை என்று சொல்லும் நிலைக்கு எப்படி வந்து சேர்கிறாள்? அவள் திரும்பிப் போக வேண்டிய வீடு, தெரு, உறவு எல்லாம் ஒரே பக்கம் நிற்கும்போது மறுபக்கம் யார் நிற்கிறார்கள்?

கௌசல்யா இதற்கு எதிர்த்திசையில் போனார். பெற்றோரின் ஜாமீன் மனுக்களை எதிர்த்தார். தந்தைக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தாய் உள்ளிட்ட மூவர் விடுவிக்கப்பட்டார்கள். 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

கௌசல்யாவை நாம் 'வீராங்கனை' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீரம் அவருடைய ரத்தத்தில் இருந்தது, இன்னொரு பெண்ணிடம் இல்லை என்று அது கதையை முடித்துவிடுகிறது. வீரம் ரத்தத்தில் இருக்கிறது என்பது சாதி சொல்லித் தரும் பாடம். நாம் வேறு இடத்தில் தேட வேண்டும். சங்கர் இறந்த பிறகு அவர் உடைந்துதான் போனார். குமரலிங்கத்தில் சங்கரின் குடும்பம் அவரைத் தங்கள் பிள்ளையாக வைத்துக்கொண்டது. தலித், பெரியாரிய, இடதுசாரி, மனித உரிமைத் தோழர்கள் சுற்றி நின்றார்கள். அவர் வாசித்தார். முடியைக் கத்தரித்துக்கொண்டார். பறை கற்றுக்கொண்டு மேடையில் அடித்தார். பொறியியல் படிப்பு பாதியில் நின்றாலும், வெலிங்டன் கண்டோன்மென்ட் வாரியத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து சொந்தக் காலில் நின்றார். சங்கர் பெயரில் சமூக நீதிக்கான அறக்கட்டளை தொடங்கினார். இவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கூட இருந்தார். ஒரு பெண் ரத்த உறவை எதிர்த்து நிற்பதற்கு, ரத்தத்தால் வராத உறவுகள் வேண்டும். அதற்குப் பெயர்தான் நட்பு. இயக்கத்தில் நாம் அதைத் தோழமை என்கிறோம்.

நம் பக்கத்திலும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2018 டிசம்பரில் கௌசல்யா கோவையில் மறுமணம் செய்துகொண்டபோது, 'சங்கரை மறந்துவிட்டாரா' என்று கேட்டவர்கள் சாதி வெறியர்கள் மட்டும் இல்லை. 2022இல் அவர் வெள்ளலூரில் அழகு நிலையம் தொடங்கினார். நடிகை பார்வதி வந்து திறந்து வைத்தார். 'போராளி போய் அழகு நிலையமா' என்று நம்மில் யாருக்காவது தோன்றினால், அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். தான் விரும்பியபடி வாழத்தான் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் வீட்டைவிட்டு வந்தார். நம் சுவரொட்டிக்கு ஒரு முகம் கொடுப்பதற்காக வரவில்லை. ஒரு பெண்ணைச் 'சாதியின் மானம்' என்று அவர்கள் பூட்டி வைக்கிறார்கள். 'இயக்கத்தின் அடையாளம்' என்று நாம் இன்னொரு பூட்டுப் போடக் கூடாது. அவர் தவறு செய்யலாம், மாறலாம், சிரிக்கலாம், தொழில் செய்து சம்பாதிக்கலாம். வளர்ச்சி என்பது அதுதான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2012இல் மத்தியச் சட்ட ஆணையம் தந்த 242ஆவது அறிக்கை, திருமணச் சுதந்திரத்தில் தலையிடுவதைத் தடுப்பது பற்றியது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பும் இணையரின் திருமண உரிமையை மையமாக வைத்தே பேசுகிறது. நெல்லையில் கவின் கொல்லப்பட்ட பிறகு, 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. தனிச்சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கும் நமக்கு அது ஒரு படி. ஆனால் வரும் சட்டம் 'திருமணம்' என்ற சொல்லோடு நின்றுவிட்டால் கோகுல்ராஜுக்கு அதில் இடமில்லை. அவர் யாரையும் திருமணம் செய்யவில்லை. சாதி கடந்த எந்தப் பழக்கத்தையும், நட்பையும், பேச்சையும் காரணமாக்கி மிரட்டுவது, அடைத்து வைப்பது, படிப்பை நிறுத்துவது எல்லாம் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லும் தோழிக்கு வீடும் வேலையும் பாதுகாப்பும் தர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு சாட்சிகளின் உரிமையைப் பேசுகிறது. அது காகிதத்தைவிட்டு இறங்கி வர வேண்டும். இந்தக் கோரிக்கையை மாணவர்கள்தான் வைக்க முடியும், ஏனென்றால் இது உங்கள் வாழ்க்கை.

சட்டம் வரும்வரை செய்யச் சில காரியங்கள் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற செய்தி உங்கள் வாயிலிருந்து எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. திடீரென்று ஒரு தோழி வகுப்புக்கு வரவில்லை, போன் அணைந்திருக்கிறது என்றால், 'ஏதோ வீட்டுப் பிரச்சினை' என்று விட்டுவிடாதீர்கள். நாலு பேராகப் போய் விசாரியுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, வன்கொடுமை குறித்துப் புகார் சொல்ல 14566, இரண்டும் உங்கள் போனில் இருக்கட்டும். பொங்கல் நோன்பு விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப் போகும் நண்பர்கள் பட்டியலில் காலனி நண்பன் இருக்கிறானா என்று பாருங்கள். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆதிக்க சாதி வீடுகளிலிருந்து வந்திருக்கும் தம்பிகளே, உங்கள் தங்கை யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்லும் வேலையை வீடு உங்களிடம் கொடுத்திருக்கும். அந்த வேலையை ராஜினாமா செய்யுங்கள். தங்கைக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போவீர்கள். இன்று பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் தெரியாமல் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மட்டும் போதும்.