செத்த காரின் பெயரில் ஓடிய கார்



1994இல் வெளிவந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சிவப்புக் கார் நினைவிருக்கும். கூரை திறந்த கார். ஜான் டிரவோல்டா ராத்திரி நேரத்தில் அதை ஓட்டிக்கொண்டு போவார். 1964ஆம் வருஷத்து செவர்லே செவெல் மாலிபு அது. படத்தில் ஓரிடத்தில் டிரவோல்டா புலம்புவார்: மூன்று வருஷம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன், வெளியே எடுத்து ஐந்து நாள்கூட ஆகவில்லை, எவனோ கீறிவிட்டான் என்று. அந்தக் கார் படத்துக்காக வாடகைக்கு எடுத்ததில்லை. எழுதி இயக்கிய குவென்டின் டரான்டினோவின் சொந்தக் கார். படம் வந்த அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அது திருடு போனது. ஒரு கீறலுக்கே அவ்வளவு புலம்பலை எழுதிய மனிதர், முழுக் காரும் போனபோது என்ன பாடுபட்டிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

பத்தொன்பது வருஷம் துப்புக் கிடைக்கவில்லை. பிறகு 2013 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனப் பக்கம் விக்டர்வில் என்ற ஊரில், சான் பெர்னார்டினோ மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்து அதிகாரி ஒருவர் ரோந்து போகும்போது, இரண்டு பேர் ஒரு பழைய காரை உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதுவும் 64 மாடல் மாலிபு. சந்தேகப்பட்டு அதன் அடையாள எண்ணைச் சரிபார்த்தார். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கார் வடக்கே ஓக்லாண்ட் பக்கத்தில் பதிவாகியிருந்தது. ஒரே எண், இரண்டு உடம்பு. ஓக்லாண்ட் காரை ஆராய்ந்தார்கள். அதன் எண் மாற்றப்பட்டது என்று தெரிந்தது. அதுதான் டரான்டினோவின் கார். அதை வாங்கி வைத்திருந்தவருக்கு இந்த விவகாரமே தெரியாது. அவரும் ஏமாந்தவர்தான் என்று போலீஸ் சொன்னது.

நேயர்களே, இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த அதிகாரி கண்டுபிடித்தது காணாமல்போன காரை அல்ல. அது யாருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடியதோ, அந்தக் காரை. எல்லாரும் சினிமாவில் நடித்த சிவப்பு அழகியைத் தேடிக்கொண்டிருக்க, விடை எங்கோ பாலைவனத்தில் ஒரு கழற்றிப் போட்ட கூட்டில் இருந்தது. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராகக் காலம் தள்ளியவன் நான். திருட்டுக் காரை நேராகத் தேடிப் பிடிப்பது அபூர்வம். அது பெயர் மாற்றிக்கொண்டிருக்கும். பெயரைக் கொடுத்தது எது என்று தேடினால், கார் தானே வந்து நிற்கும்.

கோவைப் பக்கம் ஒரு சம்பவம் சொல்கிறேன். முன் பம்பர் நசுங்கிய ஒரு வெள்ளைக் கார். சின்ன கிளெய்ம். பட்டறைக்குப் போய் நாலு போட்டோ எடுத்து, மதிப்புப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன சேதமானாலும் சேசிஸ் பிரிண்ட் எடுத்துவிடுவேன். உங்களில் வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். எண் அடித்த இடத்தில் கிரீஸைத் துடைத்துவிட்டு, மேலே டேப்பை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எண் அப்படியே எழும்பி வரும். சின்னப் பிள்ளைகள் காசுக்கு மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இந்த உத்தியோகத்தில் பிடித்ததே அந்தப் பென்சில் தேய்க்கும் ஒரு நிமிஷம்தான்.

கார்க்காரர் கேட்டார்: "ஏனுங்க, பம்பருக்கு எதுக்குங்க சேசிஸ் பிரிண்ட்டு?" நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெல்லாம் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எண் உண்மையான எண்தான். ஆனால் அந்தத் தகட்டுத் துண்டைச் சுற்றிப் பெயின்ட் கொஞ்சம் தடித்திருந்தது. பக்கத்தில் நின்ற டிங்கர் மேஸ்திரி குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பெனி ஸ்பாட் வெல்டிங் இல்லீங்க. கேஸ்ல ஒட்டியிருக்கானுங்க." ஆபீஸில் போய் எண்ணைத் தேடியபோது விஷயம் வெளிவந்தது. அந்த எண்ணுக்குரிய கார் சில வருஷங்களுக்கு முன்பே மலைப்பாதையில் உருண்டு, டோட்டல் லாஸ் என்று தீர்ந்துபோன வண்டி. ஸ்கிராப்பாக ஏலத்தில் போனது. இரும்பை எடைக்கு வாங்குபவன் வாங்கியிருந்தால் பரவாயில்லை. இங்கே வாங்கியவனுக்கு வேண்டியது ஆர்.சி. புத்தகமும், எண் அடித்த உள்ளங்கை அகலத் தகடும்தான். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடி, அதன் எண்ணை வெட்டி எறிந்துவிட்டு, செத்த வண்டியின் எண்ணை ஒட்டிவிட்டான். பம்பர் கேட்டு வந்த அந்த மனிதர் பாவம், முழுப் பணமும் கொடுத்து வாங்கியவர். ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கச் சொல்லி அவரை உட்கார வைத்தோம்.

ஆக, விக்டர்வில் ஆனாலும் கோவை ஆனாலும் வித்தை ஒன்றுதான்.

அமெரிக்கக் கார்களில் இந்த வித்தை அந்தக் காலத்தில் இன்னும் சுலபம். 64 செவெல்லில் எண்ணைத் தாங்கிய தகடு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் மாட்டிய தூணில் இருக்கும். சின்னத் தகடு. அதில் முதல் இலக்கம் 4 என்றால் 1964. அடுத்த இலக்கங்கள் எந்த வரிசை, எந்த உடல் என்று சொல்லும். 67 என்று இருந்தால் கூரை மடியும் கார். பிறகு எந்தத் தொழிற்சாலை என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண். கதவை மூடிவிட்டால் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. 1969இலிருந்துதான் முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டேஷ்போர்டில் எண் இருக்க வேண்டும் என்று அரசு விதி வந்தது. இன்று நாம் பார்க்கும் 17 இலக்க முறை 1981 மாடலில் வந்தது. அதில் ஒன்பதாவது இடத்தில் ஒரு காவல் இலக்கம் இருக்கும். மற்றப் பதினாறையும் ஒரு கணக்கில் போட்டால் அந்த இலக்கம் விடையாக வர வேண்டும். மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பழைய கார்களுக்கு அந்தக் காவல் கிடையாது.

இந்த மாலிபு போன்ற கார்களை மஸில் கார் என்று சொல்வதுண்டு. அப்படியென்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் எஞ்சினைத் திணிப்பது. இளைஞர்கள் வாங்கும் விலைக்கு விற்பது. ஜெனரல் மோட்டார்ஸில் நடுத்தரக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் 1964இல் அதைத் தந்திரமாகத் தாண்டினார்கள். ஜி.டி.ஓ. என்பது தனி மாடல் இல்லை, டெம்பெஸ்ட் காரோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதி என்று சொல்லி, 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டரை, உள்ளே வைத்துவிட்டார்கள். நம் அம்பாசடரில் இருந்தது ஒன்றரை லிட்டர்! ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருஷமே 32,450 போனது. அந்த ஜி.டி.ஓ.வும் செவெல்லும் ஒரே அடிச்சட்டக் குடும்பம். 64 மாலிபுவை மஸில் கார் என்று சொல்லலாமா, 396 எஞ்சின் வந்த 65 செவெல் இசட்-16தானே முதல் அசல் என்று கறாராகக் கேட்பவர்களும் உண்டு. அது மொத்தமே 201தான் செய்தார்கள். வழக்காட இன்று நேரமில்லை.

எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்தக் கார்களில் சாதாரணக் காருக்கும் அபூர்வக் காருக்கும் வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது. 1971இல் பிளிமவுத் கம்பெனி ஹெமி எஞ்சின் வைத்துக் கூரை மடியும் 'குடா' கார்களைப் பதினொன்றுதான் செய்தது. 2014இல் சியாட்டில் ஏலத்தில் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருஷத்துச் சின்ன எஞ்சின் குடாவுக்கு அந்த விலையின் ஓரம்கூட வராது. இரண்டுக்கும் நடுவே நிற்பது எண்ணில் இருக்கும் ஓர் எழுத்து. அப்படியிருக்க, போலிகள் முளைக்காமல் இருக்குமா? சேகரிப்பாளர்கள் எஞ்சின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் உடல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

அதைவிடச் சுவாரசியம் ஒரு காகிதம். தொழிற்சாலையில் ஒவ்வொரு காரோடும் ஒரு தாள் போகும். இந்தக் காருக்கு இந்த எஞ்சின், இந்த சீட், இந்த ரேடியோ என்று குறியீடுகளாக அச்சடித்த தாள். வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆள்கள் கவலைப்படவில்லை. சீட்டின் ஸ்பிரிங்குக்கு நடுவே செருகிவிடுவார்கள். பெட்ரோல் டாங்க்குக்கு மேலே விட்டுவிடுவார்கள். நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து சீட் தைக்க வந்தவர் உறையைக் கிழிக்கும்போது, எலி கடித்தது போக மிச்சமாக அந்தத் தாள் கிடைக்கும். கதவுத் தூணில் இருக்கும் தகட்டைத் திருடன் மாற்றியிருப்பான். பின்சீட்டின் வயிற்றுக்குள் கையைவிட்டுப் பார்த்திருக்க மாட்டான். அந்த ஒரு தாளால் கார் எது என்று முடிவான கதைகள் அமெரிக்காவில் நிறைய. முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் சோம்பேறித்தனத்துக்கு நாம் கும்பிடு போட வேண்டும்.

எண்ணை அரம் போட்டு ராவிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. பஞ்ச் வைத்து எண் அடிக்கும்போது மேற்பரப்பு மட்டும் அமுங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அடியிலும் உலோகத்தின் மணிகள் நசுங்கி இறுகுகின்றன. மேலே வழவழவென்று ராவினாலும் அடியில் அந்த இறுக்கம் இருக்கும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைப் பஞ்சில் நனைத்துத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படும். மங்கலாக ஒரு 7 தெரியும். பிறகு ஒரு 3. சில சமயம் சில நொடிகளில் மறைந்தும் போய்விடும். அதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும். தடயவியல் ஆய்வகத்தில் இதை அருகில் நின்று பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒரு கார்வெட் கதையையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1969 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு நீல நிற 68 கார்வெட் திருடு போனது. 2005 கடைசியில் அது கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்வீடனுக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது, ஏற்றுமதிச் சோதனையில் எண் மாட்டிக்கொண்டது. நிறம் வெள்ளியாகியிருந்தது, பெட்ரோல் டாங்க்கையே காணோம். ஆனால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? நியூயார்க் போலீஸார் பழைய மைக்ரோஃபிலிம் புகார்களைப் புரட்டிப் புரட்டி, புகார் கொடுத்தவரைக் கண்டுபிடித்தார்கள். 2006 ஜனவரியில், முப்பத்தேழு வருஷம் கழித்து, அவர் கையில் கார் வந்தது. அந்தப் புகாரைக் குப்பையில் போடாமல் வைத்திருந்த ரிக்கார்டு ரூம் குமாஸ்தாக்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பது என் தனிப்பட்ட மனத்தாங்கல்.

பழைய கார் வாங்கப்போகிற நேயர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். ஆர்.சி. புத்தகத்தோடு எண் ஒத்துப்போகிறது என்றவுடன் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எண்ணைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். வெல்டிங் மேடு தட்டினால் ஒரு நல்ல டிங்கரைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணுள்ள வண்டி எப்போதாவது டோட்டல் லாஸ் ஆனதா என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சேதி. மஸில் கார் இல்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஷான் கானரி நடித்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5, 1997 ஜூனில் ஃபுளோரிடாவில் போக்கா ரட்டோன் விமான நிலையத்துக் கொட்டகையிலிருந்து காணாமல் போனது. அது மேற்காசியாவில் யாரோ ஒருவரின் சேகரிப்பில் இருப்பதாகத் தேடுகிறவர்கள் நம்புவதாக 2021இல் செய்தி வந்தது. நம் பிள்ளைகள் வளைகுடாவில் எத்தனை கராஜ்களில் வேலை செய்கிறார்கள்! பெரிய மனிதர் வீட்டில் ஒரு பழைய வெள்ளி நிற ஆஸ்டன் மார்ட்டினைத் துடைக்கச் சொன்னால், துடைத்த கையோடு சேசிஸ் எண்ணையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: டி.பி. (ஆங்கிலத்தில் DP), சாய்கோடு, 216, சாய்கோடு, 1. இன்னொரு தடவை சொல்கிறேன்: டி.பி., 216, 1.