முதல் மாணவிகளின் சட்டை



நூற்றாண்டுக் கண்காட்சிக்கு எங்கள் ஆரம்பகால மாணவிகள் உடுத்தியது போல நான்கு பிள்ளைகளுக்கு உடுத்திவிடலாம் என்று இலேசாகத்தான் தொடங்கினோம். கையில் இருந்தது ஒரேயொரு குழுப்படம். அதில் சட்டைகள் கருப்பு; சுருக்கு வைத்து உப்பிய கை. கருப்புத் துணி ஆறு மீற்றர் வாங்கியும் விட்டோம்.

பிறகு அந்தப் படத்தில் நிற்கும் ஒருவரின் பேர்த்தி, கனடாவிலிருந்து அம்மம்மாவின் சட்டையை அனுப்பினார். மங்கிய செங்காவி நிறம். கை ஒட்டத் தைத்தது. "துணிதான் சாட்சி, படத்தை விடுங்கோ" என்றார்கள் எங்களில் பாதிப்பேர்.

எங்களில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கடம். எக்ஸ்றே ஒன்று சொல்லும், நோயாளியின் உடம்பு வேறொன்று சொல்லும். அதற்காக ஒன்றை எறிந்துவிடுவதில்லை. இரண்டையும் திரும்பப் பார்ப்போம்.

சட்டையை உட்புறம் திருப்பினோம். தையல் மடிப்புக்குள் வெயில் படாத இடம் நல்ல சிவப்பு! அக்காலப் புகைப்படத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. அது கருப்பாகவே விழும், நீலம் வெளிறிப்போகும். நிறத்தில் படம் பொய். ஆனால் தோள் மூட்டில் பழைய ஊசித் துளைகள் நெருக்கமாக ஒரு வரிசை. சுருக்கைப் பிரித்து, பிற்காலத்தில் ஒட்டத் தைத்திருக்கிறார்கள். கையைப் பொறுத்தவரை படம்தான் சரி. சிவப்புத் துணியில் உப்பிய கை வைத்துத் தைத்தோம். கருப்புத் துணி இன்னும் தையல் அறையில் கிடக்கிறது, யாருக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள்.

நாடகத்தில் பண்டார வன்னியனுக்கு உடுத்தச் சிலையைத்தான் பார்த்தோம். கற்சிலைமடுக் கல் 1803 ஒக்டோபர் 31 என்று திகதி சொல்கிறது, உடையைச் சொல்லவில்லை. சிலை செய்தவர்களும் அவரைக் கண்டவர்களல்லர். ஆகவே "இது ஊகம்" என்று பலகையில் எழுதி வைத்தோம்.

ஏன் ஒரேயொரு சட்டை? எந்த ஊரிலும் அன்றாடம் உடுத்தியது ஏணையாகி, பிள்ளைத் துணியாகி, கைபிடித் துணியாகி முடிந்துவிடும். கூறை மட்டும் பெட்டியில் மிஞ்சும். வன்னியில் அதுவும் மிஞ்சவில்லை. 2009இல் பங்கருக்கு மண் மூட்டை கட்டச் சேலைகளைத்தான் வெட்டித் தைத்தோம். அம்மாக்களின் கூறைகளும் அதில் போயின. வெளிநாட்டுக்கு அனுப்பிய படங்கள் சில பிழைத்தன.

உங்கள் ட்றங்குப் பெட்டியில் பழைய சட்டையோ பாவாடையோ இருந்தால் அனுப்புங்கள். தோய்க்க வேண்டாம், ஸ்திரிக்கை போட வேண்டாம், கிழிசலைத் தைக்கவும் வேண்டாம். யார் உடுத்தியது, யாருக்காகப் பிரித்துத் தைத்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.