பெயரை மறைக்காத பெருமகன்

(செங்கற்பட்டுப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கற்பட்டு என்றவுடன் ஏரியும் கோட்டையும் நினைவுக்கு வரும். கிழக்கே கடலோரம் சென்றால் மாமல்லபுரத்துக் கற்றளிகள் கண்ணைக் கவரும். கட்டுவித்த வேந்தர் பெயரை எல்லாரும் அறிவர். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர் யார், பிறர் வயலில் சேறு மிதித்தும் தமக்கென ஒரு முழ நிலமும் இல்லாதிருந்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. அவ் வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் வினவிய ஒருவர் இம் மாவட்டத்திலேயே பிறந்தார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர்தம் ஊர். இரட்டைமலை சீனிவாசனார் என்பது அவர் பெயர்.

பள்ளியில் கண்ட பகை

சீனிவாசனார் கோவையில் கல்வி பயின்றார். அப் பள்ளியில் இருந்த மாணவர் ஏறத்தாழ 400 பேர். அவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். உடன் பயில்வாரோடு விளையாடினால் தம் குலமும் உறவும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, அவர் ஆட்டக்களத்தை விட்டு ஒதுங்கியே இருந்தார். இதனை அவரே 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அந் நூலின் பெயர் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. தலைப்பில் வடசொல் மிகுதி. உள்ளே இருப்பதோ தமிழ் மண்ணின் துயர். சொல்லைத் தூய்மை செய்ய விழைவோர் அத் துயரையும் படித்தல் வேண்டும்.

மறைத்த பெயரே கொடியாயிற்று

நீலமலையில் கணக்கராகப் பணிபுரிந்தபின் 1890இல் அவர் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களுடன் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் ‘பறையன்’.

இளமையில் அஞ்சி மறைத்த பெயரையே ஊரறிய அச்சிட்டு விற்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெயரைக் கூற நாணும்வரை உரிமையைக் கேட்க நா எழாது என்பது அவர் துணிபு. அவர்தம் உறவினரும் பேரறிஞருமான அயோத்திதாசர் வேறு வழி கண்டார். இழிவு ஏற்றப்பட்ட பெயரை ஏற்கலாகாது என்பது அவர் கொள்கை. 1907இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒருவர் பெயரை நிமிர்த்தினார்; மற்றவர் பெயரை மாற்றினார். வழி இரண்டாயினும் நோக்கம் ஒன்றே.

தமிழ் கற்றோர் இங்கு ஒன்று கருதவேண்டும். புறநானூற்றிலே துடியன், பாணன், கடம்பன் என்பாரோடு பறையனும் குடிப்பெயராகவே போற்றப்படுகின்றான். அச் சொல்லில் அன்று இழிவில்லை. இழிவு சொல்லில் பிறந்ததன்று. அதைச் சொல்வோர் உள்ளத்தில் புகுந்தது.

இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் எனப் பேராயக் கட்சி கேட்டபோது, சீனிவாசனார் அதனை எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள வேண்டுகோள் இலண்டன் பாராளுமன்றத்துக்குச் சென்றது. இதனால் அவரை வெள்ளையர்க்குத் துணைபோனவர் என்பார் உளர். தெருவில் நடக்கவிடாத சாதியாரே ஊரை ஆளும் அதிகாரிகளாகவும் வந்தால் தம் மக்கள் முறையிடுவது யாரிடம் என்று அவர் கேட்டார். பழி கூறுவோர் அவ் வினாவுக்கு விடை கூறியபின் கூறட்டும்.

நிலமும் தெருவும்

அவ் வச்சத்துக்குக் கரணியம் இம் மாவட்டத்திலேயே இருந்தது. செங்கற்பட்டு மாவட்டத் தண்டலராக இருந்த திரமென்கீர், 1891இல் இங்குள்ள பறையர் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருந்த மனையும் மிராசுதாரர் கையில். எதிர்த்துப் பேசினால் குடிசையும் போய்விடும். வாங்கிய கடனுக்காகப் படியாளாய் உழைப்பே அடகு. இந் நிலையை அவ் வறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30இல் பிறந்த ஆணையால் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்கப்படலாயிற்று. அதுவே பஞ்சமி நிலம்.

1900இல் ‘பறையன்’ இதழ் நின்றது. சீனிவாசனார் கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, ஏறத்தாழ இருபதாண்டுக்குப்பின் மீண்டார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்த்தப்பட்டார். பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எவரையும் சாதி கூறித் தடுத்தலாகாது என அவர் 1924இல் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. காலால் நடக்கும் உரிமைக்கும் தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது!

1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் ஒடுக்கப்பட்டோர் சார்பாளராய் அமர்ந்தனர். 1932 செப்டம்பரில் ஏற்பட்ட பூனா உடன்படிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். தனித்தொகுதி வழி கிடைக்கவிருந்த 71 இடங்கள் கூட்டுத்தொகுதி வழி 148 ஆயின. எண்ணிக்கை பெருகியது, தம் சார்பாளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை நழுவியது. இவ் விழப்பின் அளவை இன்றும் ஆய்வோர் எடைபோடுகின்றனர்.

1945 செப்டம்பர் 18இல் அவர் மறைந்தார்.

மறையாத கடன்

அவர் மறைந்தாலும் வழக்கு முடியவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில், பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் மக்கள் எழுந்தனர். அவ் வாண்டு அக்டோபர் 10இல் செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் சான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். 1892இல் தாளில் கொடுத்த நிலத்தை நூறாண்டு கழித்துக் கேட்டதற்குக் கிடைத்த விடை அது.

தமிழர் ஓரினம் என்று மேடையில் முழங்குதல் எளிது. ஊர் வேறு, சேரி வேறு என்றிருக்கும் வரை அம் முழக்கம் வெற்றொலியே. தேநீர்க் கடையில் குவளை இரண்டாக இருக்குமிடத்தில் தமிழும் இரண்டாகத்தான் இருக்கும். சுடுகாடு வேறாக இருக்குமிடத்தில் செத்தபின்னும் தமிழன் ஒன்றாவதில்லை.

ஆகவே, இளைஞர்களே! சீனிவாசனார் படத்துக்கு மாலை சூட்டுவதோடு அமையாதீர்கள். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பஞ்சமி என்று எழுதிய புலம் இன்று யார் கையில் உள்ளது என்று பாருங்கள். கண்டதை ஊரறியச் சொல்லுங்கள். கற்ற தமிழ் அதற்குப் பயன்படட்டும்!

வாழ்க இரட்டைமலையார் புகழ்! ஒழிக சாதிப் பிரிவினை!