தாவர உணவும் மிகு எடையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலால் உண்ணாத குடும்பத்தில் பருமனும் நீரிழிவும் எவ்வாறு நுழைந்தன என்னும் வினா இன்று தமிழ்ச் சமணர் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. "எடையைக் குறையுங்கள், காய்கறி உணவுக்கு மாறுங்கள்" என்று மருத்துவர் அறிவுறுத்தினால், தலைமுறை தலைமுறையாக அதையே உண்டு வருபவர் எங்கே மாறுவார்? (புலால் இல்லாத உணவுக்குச் 'சைவம்' என்னும் பெயர் சமணர் வீடுகளிலும் வழங்குவது தனி வேடிக்கை.)

புலால் மறுத்தல் எதை உண்ணலாகாது என்பதை வரையறுக்கின்றது. எவ்வளவு உண்ணலாம் என்பதை அது வரையறுப்பதில்லை. அதிரசமும் முறுக்கும் வடையும் தாவர உணவே. அவற்றில் கொலை இல்லை. ஆயினும் எண்ணெய் உண்டு, வெல்லம் உண்டு. மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்போ 9 கலோரி தருகின்றது. கண்ணளவாகச் சட்டியில் சாய்க்கப்படும் எண்ணெயில் 3 மேசைக்கரண்டி, ஏறத்தாழ 100 கிராம் அரிசிக்கு நிகர். கிழங்கு வகைகளை விலக்கிய தட்டில் அந்த இடத்தைச் சோறு நிரப்பிவிடுவதும் உண்டு. வரகும் சாமையும் நார்ச்சத்து மிக்கவை என்பது மெய். ஆனால் கலோரியில் அவை அரிசிக்குப் பெரிதும் குறைந்தவை அல்ல. சிறுதானியம் என்பதால் இருமடங்கு உண்பவர் எடை குறைவதில்லை.

அளவைப் பற்றிய அறிவுரையை வெளியே தேட வேண்டியதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் இயல் புறத்தவம் ஆறனைக் கூறுகின்றது. முதலாவது அனசனம், அதாவது உண்ணாநோன்பு. இரண்டாவது அவமௌதரியம், வயிறு நிறையும் முன்னரே எழுதல். நான்காவது ரச பரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றுள் இயன்றதைத் துறத்தல். ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என்பது முழு உணவுக்கு ஆன்றோர் வகுத்த அளவு. அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே.

இவற்றுள் அனசனம் மட்டுமே இல்லங்களில் செல்வாக்குப் பெற்றுள்ளது. ஒரு கவளம் குறைத்தவருக்கு எவரும் பொன்னாடை போர்த்துவதில்லை. நோன்பு முடிந்த பாரணை நாளிலோ விட்டதெல்லாம் வட்டியுடன் திரும்பி வருகின்றது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நல்வழக்கமும் அவ்வாறே தேய்ந்துள்ளது. மாலை 6 மணிக்கு உண்டு மறுநாள் காலை 6 மணிக்கு உண்பவருக்கு இடையில் 12 மணி நேர ஓய்வு கிட்டும். ஆனால் 5 மணிக்குப் பஜ்ஜியும், இருட்டிவிடுமே என்ற அவசரத்தில் 6 மணிக்கு முன் முழுச் சாப்பாடும் உண்டால் அந்த ஓய்வால் என்ன பயன்? உடல் மெலிவது தவத்தின் நோக்கமன்று. வினை உதிர்தலே நோக்கம். தவத்தை எடை குறைக்கும் உத்தியாகச் சுருக்குவதும் தகாது. ஆயினும் நாவடக்கம் பழகியவருக்கு எடை தானே இறங்குமாயின் அதனை வேண்டாம் என்பார் யார்?

இந்தியர்க்கு உடல்நிறை எண் 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. தாண்டலாகாது. தட்டில் பாதியைச் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், அவரை போன்றவை நிரப்பட்டும். 100 கிராம் சுரைக்காயில் 20 கலோரிகூட இல்லை. கால் பங்கு பருப்போ பயறோ சுண்டலோ ஆகட்டும். எடை குறையும்போது தசையும் கரையாதிருக்கப் புரதம் வேண்டும். எஞ்சிய கால் பங்கே சோறு. வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் ஒரு பிடிக்கு மேல் வேண்டா. இல்லத்தரசியர் செய்யத்தக்க ஒன்று உண்டு: மீந்ததை வீணாக்கக் கூடாதென்று தாமே உண்டு முடிக்கும் வழக்கத்தை விட்டு, உலையில் இடும் அரிசியைக் குறைத்தல். பல வீடுகளில் அம்மையாரின் எடைக்கு அந்த மீந்த சோறே காரணம்.

அகிம்சை கருதிப் பாலையும் துறக்கும் இளையோர் பெருகி வருகின்றனர். அவர்தம் உறுதி போற்றத்தக்கது. ஆனால் பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் கைகால் மரத்துப்போதலும் மறதியும் வரலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டு அதனை மாத்திரையாக உட்கொள்ளுதல் இன்றியமையாதது.

முதியோர் நிலை வேறு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவை விட்டு மருந்தை மட்டும் எடுத்தால், சர்க்கரை தாழ்ந்து நள்ளிரவில் மயக்கம் நேரலாம். அட்டமியும் சதுர்த்தசியும் பஞ்சாங்கத்தில் முன்னரே தெரிந்தவை. ஒரு வாரத்திற்கு முன்பே மருத்துவரிடம் சென்று, நோன்பு நாளில் எந்த மாத்திரை, எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்கி, வீட்டில் உள்ளோர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளலாம்.