கணக்கும் சைக்கிளும்

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இன்று இங்கு வந்து சேர்ந்தேன். வழியில் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் சைக்கிள் மிதித்து மலையேறிக் கொண்டிருந்தார்கள். மெத்த சந்தோஷம். ஆனால் அவர்களில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம். ஆகவே, பேச நினைத்து வந்ததை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் சங்கதியைச் சொல்லலாமென்றிருக்கிறேன்.

அன்னா கீசன்ஹோஃபர் என்பவர் ஆஸ்திரியா தேசத்தவர், 1991-ல் பிறந்தவர். வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் படித்து, 2016-ல் பார்சிலோனாவில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்து, பாடமும் சொல்லிக் கொடுத்தார். 2017-ல் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்து, அந்த ஆண்டே விலகிவிட்டார்.

இவர் 2021 ஜூலை 25-ந் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 137 கிலோமீட்டர் பந்தயத்தில் நின்றார். நெதர்லாந்துக்கு உலகப் புகழ்பெற்ற நால்வர். ஆஸ்திரியாவுக்கு இவர் ஒருவரே. சம்பளக் குழு இல்லை, பயிற்சியாசிரியர் இல்லை. எப்படிப் பழகுவது, என்ன உண்பது, எங்கே வேகம் கூட்டுவது என்பதையெல்லாம் தாமே கணக்கிட்டார்.

தோழர்களே! வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் கெட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி ஓட்டுகிறார்கள். இவரோ கொடி அசைந்ததும் சிலருடன் முன்னே பாய்ந்தார். இடைவெளி பத்து நிமிஷத்தையும் தாண்டிற்று. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, கடைசி 41 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டி முதலில் சேர்ந்தார்.

1 நிமிஷம் 15 விநாடி கழித்து வந்த நெதர்லாந்து வீராங்கனை, தாமே ஜெயித்ததாகக் கைதூக்கி மகிழ்ந்தார்! காதில் சேதி சொல்லும் ரேடியோ அப்பந்தயத்தில் கிடையாது. முன்னே போனவர்களில் கடைசி இருவரைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்துவிட்டதாக நம்பிவிட்டார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் அகப்பட்டார்கள் என்று எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். நம்பினவர்கள் தோற்றார்கள், எண்ணினவர் ஜெயித்தார்.

ஜெயித்த பின் அவர் சொன்னதன் கருத்து என்னவென்றால், எல்லாம் தெரியுமென்று சொல்லுகிறவர்களுக்கு உண்மையில் தெரிவதில்லை. தெரியாதென்று ஒப்புக்கொள்ளுகிறவர்களிடமே விஷயம் இருக்கிறது என்பதாகும். இதைவிடச் சுயமரியாதைக்கு வேறென்ன வியாக்கியானம் வேண்டும்?

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இந்தச் சாலைப் பந்தயம் 1896-லேயே உண்டு. பெண்களுக்கு 1984-ல்தான் வந்தது. இடையிலே 88 வருஷம்! "பெண்ணுடம்பு தாங்காது" என்று தெரிந்தவர்கள்தானே சொல்லிக் கொண்டிருந்தார்கள்?

நம் சர்க்கார் பதினோராம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. அதை எத்தனை வீடுகளில் அவள் ஓட்டுகிறாள், எத்தனை வீடுகளில் அண்ணன் ஓட்டுகிறான்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அவளுக்குக் கணக்கையும் சைக்கிளையும் கொடுக்க நாம் யார்? அவள் எடுத்துக்கொள்ளும்போது குறுக்கே நிற்காமலிருந்தால் போதும்.

நான் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். நீங்களே எண்ணிப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.