பார்லித் தண்ணீரும் பார்லிச் சோறும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் பார்லி அவிகிறதென்றால், அங்கே யாருக்கு என்ன வருத்தம் என்றுதான் அயலார் கேட்பர். நீர்க்கடுப்புக் கண்டவருக்கும் காய்ச்சலில் கிடப்பவருக்கும் உரிய மருந்தாகவே நாம் அதை எண்ணிவிட்டோம். ஒரு சிறங்கை பார்லியை அவித்து, நீரை வடித்து, தேசிக்காய் பிழிந்து கொடுக்கிறோம். அவிந்த மணியையோ குப்பையிற் கொட்டிவிடுகிறோம். இந்தக் கொட்டுதலைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பார்லி மிகப் பழைய தானியம். மேற்காசியாவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டது. வடமொழியில் யவம் என்பர், தமிழில் வாற்கோதுமை. திபெத்தியர் இதனை வறுத்து மாவாக்கித் தேநீரிற் பிசைந்து உண்பர். அவர்களுக்கு இது பத்தியமன்று, அன்றாட உணவு. நமக்கோ கப்பலில் வரும் சரக்கானபடியாற் போலும், மருந்தோடு சேர்ந்துவிட்டது.

பார்லியில் பீற்றா குளுக்கன் என்னும் கரையும் நார்ப்பொருள் உண்டு. கோதுமையின் நார் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். பார்லியின் இந்த நாரோ மணியின் உள்ளேயும் பரந்திருப்பதால், தீட்டிய வெண்மணியிலும் எஞ்சி நிற்கிறது. அது குடலிற் பசைபோலாகி, இரத்தத்திற் சீனி ஏறும் வேகத்தைத் தணிக்கிறது, கொலஸ்திரோலையும் குறைக்கிறது. நாளொன்றுக்கு இந்நார் 3 கிராம் சேர்வது இருதய நோய்க்கு ஏதுவான நிலையைக் குறைக்கலாம் எனப் பார்லி உணவுப் பொதிகளிற் குறிப்பிட அமெரிக்க அரசு 2006இல் அனுமதித்தது. வடித்த நீரின் வழுவழுப்பு இந்நாரின் ஒரு பங்கே. மிச்சம் குப்பைக்குப் போகிறது. அதே வீட்டில் சலரோகக்காரர் ஒருவர் வெள்ளைச் சோற்றைக் கரண்டியால் அளந்து உண்டுகொண்டிருப்பார்!

இரவில் ஊறவிட்டு, ஒரு சுண்டு பார்லிக்கு மூன்று சுண்டு நீர் விட்டு முக்கால் மணி நேரம் அவித்தால் சோறாகிவிடும். பருப்பும் கீரையும் நன்கு பொருந்தும். பிள்ளைகள் முகஞ்சுளித்தால், முதலில் அரிசிச் சோற்றோடு கலந்து கொடுக்கலாம். ஆயினும் இதுவும் மாப்பொருளே. அளவு வேண்டும், மருந்தை நிறுத்தலாகாது. குளுட்டன் ஒவ்வாதவருக்கு இது ஆகவே ஆகாது. சீனி கலந்து போத்தலில் விற்கும் பார்லிப் பானமோ வேறு சங்கதி.

குரக்கனைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது நமது மண்ணின் பயிர். நீர்க்கடுப்போடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், பார்லித் தண்ணீரை நம்பியிராது வைத்தியரிடம் போகவேண்டும். தண்ணீரை வடித்தவர்கள் மணியை வைத்துக்கொண்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துப் பிரட்டினால், அன்றைய இராச் சாப்பாட்டுக்கு ஆகும்.